சாலையோரத்துக்குத் தள்ளப்படுபவர்

வாளையாரைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளை நோக்கித் தூக்குச்சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் செல்லும் தொழிலாளியும், போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போடிமெட்டு வழியே மூணாறு நோக்கி மிதிக்கும் இளைஞரும், பின்னாலிருந்து அலறும் ஹாரனுக்கு அஞ்சிச் சரளைக்கல் நிறைந்த ஓரத்துக்கு ஒதுங்க நேர்வது அநீதியென்றே கருதுகிறோம். மிதிவண்டிக்காரருள் சிலர் இரவில் விளக்கின்றியும் எதிர்த்திசையிலும் வருவது திருத்தப்படவேண்டிய தோஷமேயாயினும், மோதல் நேர்ந்தால் பிராணாபாயம் யாருக்கு என்பதில் சந்தேகமில்லை. 2017-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளும், பாதசாரிகள், மிதிவண்டியோட்டிகள் ஆகியோரிடம் விசேஷ கவனம் காட்டுவதை ஓட்டுநரின் கடமையாகவே விதித்திருக்கின்றன. வளைவில் முந்தாமலும் போதிய இடைவெளி விட்டும் செல்லுமாறு ஓட்டுநர்களையும், இவ்விரு வழிகளான தேசிய நெடுஞ்சாலை 544, 85 ஆகியவற்றின் ஓரங்களைச் செப்பனிடுமாறு அதிகாரிகளையும் வேண்டுகிறோம்.