சாலையோர வணிகருக்கு இடம் எங்கே?

நுழையும்முன்

கடை என்றதும் கூரையும் கதவும் பெயர்ப்பலகையும் உடைய கட்டடமே நினைவுக்கு வரும். கூரையில்லாத கடைகளும் உண்டு. கூடையிலும் தள்ளுவண்டியிலும் பொருள் கொண்டுவந்து விற்று வாழும் குடும்பங்கள் பல. அவர்கள் எங்கே விற்கலாம், எங்கே விற்கக் கூடாது என்பதை யார், எவ்வாறு முடிவு செய்ய வேண்டும்? இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

பழந்தமிழர் அங்காடி

காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. நெருங்கி வளர்ந்த மரங்களின் அடியையே கால்களாகக் கொண்டு அங்குக் கடைகள் அமைந்தன. மதுரையில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நிகழ்ந்ததை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. அந்நகரங்களில் அங்காடி ஒதுக்குப்புறத்தில் இல்லை. மக்கள் நடமாட்டத்தின் நடுவே இருந்தது. திறந்தவெளி வணிகம் தமிழருக்குப் புதியதன்று.

இடமே முதல்

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் மலைச்சாலையில் மறையூர் அமைந்துள்ளது. சந்தனக் காடும் பழங்காலக் கற்திட்டைகளும் இவ்வூரின் அடையாளங்கள். கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கையால் உருட்டப்படும் மறையூர் வெல்லத்துக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அருகிலுள்ள காந்தலூர் பூண்டுக்கும் காய்கறிக்கும் பழங்களுக்கும் பெயர்பெற்றது.

இப்பொருள்களை வாங்குவோரில் பலர் வழிப்போக்கர்கள். வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தும் சிறுபொழுதில் கண்ணில் படுவதையே அவர்கள் வாங்குவர். கடையைத் தேடி ஊருக்குள் அலையமாட்டார்கள். ஆகவே சாலையோர வணிகருக்கு இடமே முதல். அவரை அரை கிலோமீட்டர் தள்ளி அமர்த்தினால், பொருள் அதேதான், விலையும் அதேதான், வாங்குவோர் மட்டும் இரார். அன்று விற்று அன்று உண்ணும் குடும்பத்துக்கு அது பேரிழப்பு.

மறுபக்கமும் உண்டு

வணிகரின் துன்பத்தை மட்டும் பேசுவது நடுநிலையாகாது. நடைபாதை நடப்போருக்கு உரியது. அது அடைபட்டால் முதியோரும் பள்ளிக் குழந்தைகளும் வண்டிகள் விரையும் சாலையில் இறங்கி நடக்க நேரிடும். மலைச்சாலையின் வளைவில் ஒரு வண்டி நின்றாலும் எதிரே வருவது தெரியாது. மறையூருக்கு அப்பால் சின்னாறு வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. அவ்வழியில் எறியப்படும் நெகிழிப் பைகள் விலங்குகளின் வயிற்றைச் சேரும். எனவே விதிகள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்விதிகளை எவ்வாறு வகுப்பது என்பதே வினா.

சட்டம் சொல்வது

நடைபாதையில் வணிகம் செய்வதும் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு காக்கும் தொழிலுரிமையே என்று உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட ஓர் இடமே வேண்டும் என்று எவரும் உரிமை கோர இயலாது என்றும், அரசு முறையான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

பின்னர், 2014-ஆம் ஆண்டு சாலையோர வணிகர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் வணிகர்களைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றக் கூடாது. பிறகு, தடையின்றி விற்கும் இடம், கட்டுப்பாட்டுடன் விற்கும் இடம், விற்கக் கூடாத இடம் எனப் பகுத்துத் திட்டமிட வேண்டும். இடம் மாற்ற நேர்ந்தால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இவற்றை மேற்பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வணிகர்களே தேர்ந்தெடுத்த வணிகர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள்.

இச்சட்டத்தின் சிறப்பு அதன் வரிசைமுறையில் உள்ளது. எண்ணுதல், கேட்டல், இடம் வகுத்தல் ஆகியன முன்னே வரும். விலக்குதல் பின்னே வரும். பல இடங்களில் இவ்வரிசை தலைகீழாகிறது. வண்டிகள் முதலில் அகற்றப்படுகின்றன. மாற்றிடம் பற்றிய பேச்சு பிறகே எழுகிறது.

மாற்றிடம் தந்தால் மட்டும் போதாது. சென்னைப் பாண்டி பஜாரின் நடைபாதை வணிகர்கள் 2013-ஆம் ஆண்டு பல அடுக்கு வளாகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். தெருவில் நெரிசல் குறைந்தது. ஆயினும், மேல்தளத்துக்கு ஏறி வந்து வாங்குவோர் குறைவு என வணிகர்கள் குறைகூறினர். விற்பவரைக் கேட்டு இடம் தேர்வது ஏன் இன்றியமையாதது என்பதை இது உணர்த்தும்.

சிற்றூருக்கு வழி

இச்சட்டம் மாநகராட்சி, நகராட்சி போன்ற நகர அமைப்புகளைக் கருதி இயற்றப்பட்டது. மறையூரும் மூணாறும் கிராம ஊராட்சிகள். சுற்றுலாப் பயணியர் கூட்டத்தால் நகரத்தின் நெரிசல் இங்கு வந்துவிட்டது. நகர வணிகருக்குள்ள பாதுகாப்பு வரவில்லை. ஆயினும் சட்டத்தின் நல்ல முறையைப் பின்பற்ற ஊராட்சிக்குத் தடையேதும் இல்லை. வணிகர் பெயரைப் பதிவு செய்யலாம். வளைவுகளை விலக்கி, வண்டிகள் நிற்கத்தக்க அகன்ற இடங்களைக் கோடிட்டு ஒதுக்கலாம். குப்பைத்தொட்டி வைப்பதை ஒவ்வொரு கடைக்கும் கடமையாக்கலாம்.

கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது சட்டம். வணிகர் தம் கருத்தைச் சொல்லும் மன்றம் அதுவே. மலையாளம் எழுதத் தெரியாமையால் பலர் அங்கு வாய்திறப்பதில்லை. மொழிச் சிறுபான்மையர் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில், தமிழர் தம் மொழியிலேயே அலுவலகங்களுக்கு எழுதக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) வழிவகுத்துள்ளது. வகுப்பறையில் கற்கும் தமிழ், பெற்றோரின் பிழைப்புக்குத் துணைநிற்கும் இடம் இது. பிழையின்றி எழுதப்பட்ட ஒரு விண்ணப்பம், எழுதத் தெரியாத ஒருவரின் குரலைச் சபைக்குக் கொண்டுசெல்லும்.

‘இங்கு விற்காதே’ எனப் பலகை நடுவது எளிது. ‘இங்கு விற்கலாம்’ என்னும் பலகையையும் உடன் நட்டால்தான் அவ்விதி முழுமை பெறும்.

சிந்தித்து எழுதுக

1. சாலையோர வணிகருக்கு இடமே முதல் எனக் கட்டுரை கூறுவது ஏன்?
2. நடப்போரின் உரிமை, விற்போரின் உரிமை இவ்விரண்டும் மோதும்போது எதற்கு முன்னுரிமை தரலாம்? காரணத்துடன் விவாதிக்க.
3. ஊரில் சாலையோர வணிகருக்கு இடம் ஒதுக்குமாறு ஊராட்சித் தலைவருக்குத் தமிழில் விண்ணப்பம் வரைக.