இரவல் குரலும் கூண்டுக் குரலும்

கிடர்பூர்த் துறைமுகச் சுவரை ஒட்டிச் செல்லும் மின்கம்பிகளில் காலை வேளைகளில் கரிச்சான் அமர்ந்திருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டில் இரட்டைவால் குருவி என்றும் கரிக்குருவி என்றும் வழங்கும் இப்பறவையை வங்காளிகள் ஃபிங்கே என்பர். லாரிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் அதன் குரல் தெளிவாகக் கேட்கும். சற்று நின்று கேட்டால், அக்குரல்களுள் சில அதனுடையவை அல்ல என்பதும் விளங்கும்.

வைரி எனும் சிறு வேட்டைப்பறவையைப் போலக் கரிச்சான் கத்துவதும், தரையில் இரைதேடும் மைனாக்கள் அஞ்சிப் பறப்பதும், அவை விட்டுச் சென்ற பூச்சியை இது கவர்ந்துகொள்வதும் பறவையியலாளர் பதிவு செய்துள்ள செய்திகள். ஆப்பிரிக்காவின் கலகாரி வறண்ட நிலத்தில் வாழும் கரிச்சான் இனம் இக்கலையில் இன்னும் தேர்ந்தது. டாம் ஃபிளவர் என்னும் ஆய்வாளர் அதனைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். தன் உணவில் ஏறத்தாழக் கால் பங்கு வரை அது பொய்யான அபாயக் குரல் கொடுத்தே பறிக்கிறது என்று கண்டார். ஒரு குரலுக்கு மற்றவை அஞ்சுவது குறைந்தால் வேறொரு குரலுக்கு மாறிவிடுமாம். உண்மையான ஆபத்து வரும்போதும் அதுவே எச்சரிப்பதால், அதன் சொல்லை எவராலும் முற்றாகத் தள்ளிவிட முடிவதில்லை. தொலைபேசியில் வங்கியின் பெயரைச் சொல்லி மிரட்டுவோரைப் பற்றி நாள்தோறும் முறையீடு கேட்கும் எமக்கு இது பழகிய கதை!

ஆயினும் இரவல் குரல் யாவும் வஞ்சனைக்கே என்று சொல்லிவிடலாகாது. இலங்கையின் சிங்கராஜ வனத்தில் துடுப்புவால் கரிச்சானை ஆராய்ந்த ஈபன் குடேலும் சரத் கொட்டகமவும், அது இடமறிந்து குரல் மாற்றுவதை 2006ஆம் ஆண்டு எழுதினர். ஆபத்து நேர்ந்தால் பிற பறவைகளின் அபாயக் குரலையும், அமைதியான நேரத்தில் அவற்றின் பாட்டையும் அது எழுப்புகிறது. பல இனங்கள் கலந்து இரைதேடும் கூட்டத்தைத் தன்னிடம் சேர்ப்பதற்கு அந்தப் பாட்டு உதவுகிறது.

இவ்வளவும் சுதந்திரமாகத் திரியும் பறவைகளின் செயல். நாம் சொல்ல வந்தது வேறொரு பறவையைப் பற்றி.

தமிழர் மைனா என்றழைக்கும் தெருப்பறவை வங்காளிக்கு ஷாலிக். ஒற்றை ஷாலிக்கைக் கண்டால் அன்றைய நாள் சரியில்லை என்பது இங்குள்ள பிள்ளைகளின் கணக்கு. அவர்கள் மொய்னா என்பது கரிய உடலும் கழுத்தோரம் மஞ்சள் தோல்மடலும் கொண்ட மலை மைனாவை. பேசும் பறவை என்று பெயர் பெற்றதும், அதனாலேயே கூண்டில் அடைபட்டதும் இதுதான். எம் கிளைக்கு அருகே ஒரு தேநீர்க்கடையில் சில காலம் ஒரு மலை மைனா தொங்கியது. "ஆஸுன், ஆஸுன்" என்று வாடிக்கையாளரை வரவேற்கும். கைரிக்‌ஷாவின் மணியோசையையும் அப்படியே எழுப்பும். அதைக் கேட்பதற்காகவே தேநீர் குடிக்க வந்தோர் உண்டு.

பிரையன் பெர்ட்ராம் என்பவர் அசாமில் காட்டு மலை மைனாக்களின் குரல்களை ஆராய்ந்து 1970ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. காட்டில் இப்பறவை வேற்றினம் எதையும் போலக் கத்துவதில்லை. ஒவ்வொரு பறவையிடமும் 3 முதல் 13 வரை தனிக்குரல்கள் உண்டு. அவற்றை அது அக்கம்பக்கத்துத் தன் இனத்தாரிடமிருந்து, அதிலும் ஆண் ஆணிடமிருந்தும் பெண் பெண்ணிடமிருந்தும், கற்றுக்கொள்கிறது. சில கல் தொலைவு தள்ளிப் போனால் குரல்களும் வேறாகிவிடும், வட்டார வழக்கைப் போல. குஞ்சிலேயே பிடித்துக் கூண்டிலிட்டால் கற்றுத்தர அண்டை அயலார் இல்லை. இருப்பவர் மனிதர் மட்டுமே. ஆகவே அது நம்மைக் கற்கிறது. அந்த "ஆஸுன்" நம்மேல் கொண்ட அன்பு என்று மகிழ எமக்கு மனம் வரவில்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலை மைனாவைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். வீடுகளில் கிளியென்று செல்லமாக வளர்க்கப்படும் நம் நாட்டுப் பச்சைக்கிளிக்கும் இதே பாதுகாப்பு உண்டு என்பதைப் படித்தவர்களிலும் பலர் அறியார். கூண்டில் விற்கும் வெளிநாட்டுப் பட்ஜெரிகர் போன்றவற்றின் நிலை வேறு. வாங்குவோர் இருக்கும்வரை கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுப்போரும் இருப்பர். சந்தையின் இந்த விதியை வணிகவியல் படித்த நாம் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகையால் பிள்ளைகள் பேசும் பறவை கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அவர்களை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். கரிச்சானுக்கு உயரமான கம்பியோ பட்டுப்போன கிளையோ போதும். ஆகவே ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட கிளையை அழகில்லை என்று வெட்டிவிட வேண்டாம். விடியலுக்கு முன்பே அது குரல் கொடுக்கத் தொடங்கிவிடும். சில நாள் கேட்ட பின், எது அதன் குரல், எது வைரியின் குரல் என்று பிள்ளைகளே பந்தயம் கட்டுவர்.