கொலஸ்ட்ராலுக்கு நாற்பது வயது வரை காத்திருப்பானேன்?

கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தால், நம் வீடுகளில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது சமையலறை. முட்டையின் மஞ்சள் கரு போகும், நெய் போகும், தேங்காய்ச் சட்னியும் போகும். ஆனால் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் எத்தனை வேகமாக ரத்தத்திலிருந்து அகற்றும் என்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு.

அகற்றும் வேலையைச் செய்பவை செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள். இவற்றைக் கண்டறிந்ததற்காக டாலஸ் நகரின் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் இன்னொரு மரபணுவைப் பிடித்தார்கள்: பிசிஎஸ்கே9. இது உருவாக்கும் புரதம் ஏற்பிகளை அழிக்கிறது. அது மிகையாக வேலை செய்தால் எல்டிஎல் ஏறும். அப்படியானால் இந்த மரபணு பழுதாகிப் பிறந்தவர்கள்? டாலஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் அவர்களைத் தேடிப்போனார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அந்தப் பழுது இருந்தது. சுமார் 15 ஆண்டு கண்காணிப்பின் முடிவு 2006இல் வெளியானது. அவர்களின் எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு. இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் அவர்களிலும் புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏராளம்.

ஸ்டாட்டின் மாத்திரையால் எல்டிஎல்லை ஏறக்குறைய இதே அளவு இறக்கினால், ஐந்தாண்டு ஆய்வுகளில் கிடைக்கும் பலன் கால் பங்குக்கு மேல் போவதில்லை. எண் ஒன்றேதான், காலம்தான் வேறு. ஒருவருக்குப் பிறந்த நாள் முதல் குறைவு. மற்றவருக்கு ஐம்பதுக்குப் பிறகு. தமனிச் சுவர் இன்றைய அளவை மட்டும் பார்ப்பதில்லை, இத்தனை வருடமாகச் சேர்ந்த பாக்கியையும் கணக்கில் வைக்கிறது. (நல்ல கொழுப்பு கூடினால் தப்பித்தோம் என்ற நம்பிக்கையையும் மரபணு ஆய்வு ஆட்டம் காணச் செய்தது. மரபு வழியில் எச்டிஎல் கூடியிருந்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்றது 2012இல் வெளியான ஆய்வு.)

தமனி பழைய பாக்கியையும் கணக்கில் வைக்கிறது என்பதை ஒப்புக்கொண்டால், நாற்பதைத் தாண்டியபின் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்னும் நம் வழக்கம் தலைகீழானது. பரம்பரையாகவே எல்டிஎல் மிகும் கோளாறு ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு, உடன்பிறந்தவர்களுக்கும் அப்படியே. நாற்பதில் மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டென்ட் வைத்து, எண்ணெயைக் குறைக்கச் சொல்லி அனுப்புகிறோம். பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு ரத்தம் எடுத்தீர்களா என்று கேட்பவர் அரிது.

இதற்கு விலையுயர்ந்த மரபணுச் சோதனைகூட வேண்டாம். நோய் அபாயத்தைக் கணிப்பதாக இப்போது விளம்பரமாகும் மரபணு மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை. நமக்கு அவை எந்த அளவு பொருந்தும் என்பதே கேள்வி. சில நூறு ரூபாய் லிப்பிட் சோதனை போதும். கோளாறு உறுதியான குழந்தைகளுக்கு எட்டு, பத்து வயதிலேயே ஸ்டாட்டின் தொடங்கலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இளம் வயதில் மாரடைப்பு கண்டவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில், உணவுக் கட்டுப்பாட்டுக்குக் கீழே, பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எல்டிஎல் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியை அரசு மருத்துவமனைகள் முதலில் கட்டாயமாக்கட்டும்.