தூக்க மாத்திரையைத் தூக்கி எறியலாமா?

திருப்பூர் வட்டாரத்தில் இரவிலும் விளக்கு அணைவதில்லை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு. நூல் மில்லில் இரவு ஷிப்டு. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுகிறவர்களும் உண்டு. எது பகல், எது இரவு என்று உடம்புக்கே தெரிவதில்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை.

டாக்டரிடம் போகிறார்கள். அவர் சில நாட்களுக்கு மாத்திரை எழுதித் தருகிறார். அன்று இரவே நல்ல தூக்கம்! இதில் தவறு இல்லை. மாத்திரை தீர்ந்த பிறகு, பழைய சீட்டையே கடையில் மறுபடி மறுபடி நீட்டுகிறார்களே, அங்கேதான் வினை தொடங்குகிறது.

அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம் ஆகியவை இப்படிப்பட்ட மாத்திரைகள். டயசிபாம் 1963-ல் வந்தது. ஆபத்து இல்லாதது என்று உலகமே அதைக் கொண்டாடியது. இதுவும் ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் சொன்ன முறைக்குப் புறம்பாக இத்தகைய மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் பேர்! 2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கு இது.

சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல், இந்த மாத்திரைகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் கொடுப்பவர் உதவி செய்யவில்லை; குடும்பத்தைக் கெடுக்கிறார்.

பழக்கம் பிடித்துவிட்டது என்று எப்படி அறிவது?

ஒன்றில் வந்த தூக்கம் இரண்டு போட்டால்தான் வரும். மாத்திரை தீரப்போகிறது என்றால் மனம் பதறும். எத்தனை போட்டோம் என்பதை வீட்டில் மறைக்கச் சொல்லும். பகலில் மந்தம், மறதி, நடையில் தள்ளாட்டம். கட்டிங் மிஷின் முன்னால் கண் செருகினால் விரல் என்ன ஆகும்? மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

இதைக் கண்ட மனைவிக்குக் கோபம் வருகிறது. மாத்திரையைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டுகிறாள். அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால், ஆபத்தான காரியம்!

மூளைக்கு ஒரு பிரேக் உண்டு. மாத்திரை அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால், மூளையின் சொந்தப் பிரேக் தளர்ந்துவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால், பிரேக் இல்லாத மிஷின் போல மூளை தறிகெட்டு ஓடும். கை நடுங்கும். வேர்க்கும். தூக்கம் அடியோடு போய்விடும். வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

பிறகு என்ன வழி? படிப்படியாகக் குறைப்பதே வழி. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில், டாக்டர் ஹீதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். அவர் காட்டிய வழி இதுதான். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டர் சொல்லவேண்டும், அக்கம்பக்கத்தார் சொல்லக்கூடாது.

அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பாருங்கள். போக வெட்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 'டெலி மானஸ்' என்ற இந்த அரசு உதவி 2022 முதல் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற எண்ணும் உண்டு.

வீட்டில் இருப்பவர்களே! "குடிகாரனைப் போல ஆகிவிட்டாயே" என்று ஏசாதீர்கள். அவர் போதைக்காகத் தொடங்கவில்லை, தூக்கத்துக்காகத் தொடங்கினார். மாத்திரையைச் சாக்கடையில் எறியாதீர்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்!