கடைத் தராசையும் கேட்போம்

மலையில் கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் கேட்கிறோம். கடையில் பருப்பு நிறுக்கும்போது மட்டும் ஏன் பேசாமல் நிற்கிறோம்?

நிறுவைப் பாடத்துக்குப் பிள்ளைகள் வீட்டுச் சாமான்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு கிலோ என்று வாங்கிய பருப்பு 920 கிராம்தான் இருந்தது. "கடையில கேட்டுறாதீங்க டீச்சர், கொப்பியில எங்களுக்குக் கடன் இருக்கு" என்றாள் ஒரு பிள்ளை. கையில் காசில்லாத நாளில் அரிசி தருபவரும் அந்தக் கடைக்காரர்தான். அதை நான் மறக்கவில்லை.

ஆனாலும் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடையில் விலைப்பட்டியல் போடவேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டும். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றால் தண்டம். தராசைச் சோதிக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது. டவுன் கடைகளைச் சோதிக்கும் உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் லயத்துப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் உண்டு. ஆனால் கடன்பட்ட அம்மா தன் பெயரில் எப்படி அழைப்பார்? தோட்டத் தலைவர்மார் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுக்கட்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரை, சம்பள நாளில், தோட்டத்துக்கே அனுப்பச் சொல்லிக் கேட்கட்டும்.