இறங்கிச் செல்வோருடன் இறங்கும் இறைவன்



எபிரேய மொழியில் இரு சொற்கள் உள்ளன. 'அலியா' என்றால் ஏறுதல். 'யெரிதா' என்றால் இறங்குதல். உலகின் எத்திசையிலிருந்தேனும் ஒரு யூதர் இஸ்ரேலில் குடியேறினால் அவர் ஏறிச் சென்றார் என்பர். அங்கிருந்து வேறு நாட்டிற்குப் பெயர்ந்துவிட்டால் இறங்கிவிட்டார் என்பர். எருசலேம் மலைமீது அமைந்த நகர். திருவிழாக்களுக்காக அங்கு ஏறிச் சென்றோரின் பாடல்களாகவே திருப்பாடல்கள் 120 முதல் 134 வரையுள்ளவை போற்றப்பட்டு வருகின்றன. ஆகவே முதற் சொல்லில் பக்தி மணக்கிறது. இரண்டாவது சொல்லிலோ பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1976ஆம் ஆண்டில் இஸ்ரேலின் பிரதமராயிருந்த இட்சாக் ரபீன், நாட்டை விட்டுச் சென்றோரைக் கோழைகள் என்னும் பொருள்பட இகழ்ந்துரைத்தார். பின்னர் அக்கூற்றிலிருந்து அவரே விலகிக்கொண்டார்.

1950ஆம் ஆண்டின் 'திரும்பி வரும் உரிமைச் சட்டம்' யூதர் எவரும் அந்நாட்டில் குடியேறலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 1989இன் பின்னரான ஆண்டுகளில் சோவியத் நாடுகளிலிருந்து மட்டும் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் வந்து சேர்ந்தனர். பெரும்பாலானோர் அங்கேயே வேரூன்றினர். எனினும் ஒரு பகுதியினர் மீண்டும் பெட்டியைக் கட்டினர். 2024ஆம் ஆண்டில் இஸ்ரேலை விட்டு வெளியேறியோர் 80,000 பேருக்கும் மேல். அண்மைய ஆண்டுகளில் வெளியேறியோருள் கணிசமானோர் பிற நாடுகளில் பிறந்து அங்கு குடியேறியவர்களே.

கனவு கண்டு வந்த மண்ணை ஒருவர் ஏன் விட்டுச் செல்கிறார்? காரணம் ஒன்றன்று. 2023 ஒக்டோபர் 7ஆம் திகதியின் படுகொலைகளும் அதைத் தொடர்ந்த போரும் பலரை அச்சுறுத்தின. வீட்டு விலையும் வாழ்க்கைச் செலவும் இளங்குடும்பங்களை நசுக்குகின்றன. 2011இல் டெல் அவிவ் வீதிகளில் கூடாரம் அமைத்து மக்கள் போராடியது இதற்காகவே. 1948இல் இலட்சக்கணக்கான பலஸ்தீனர் தம் இல்லங்களை இழந்த அந்நாட்டில், ஓயாத பகையைக் கண்டு மனச்சான்று உறுத்தப் புறப்பட்டவரும் உளர். தொடக்கத்திலிருந்தே அந்நாட்டை ஓர் இடைத்தங்கலாகக் கருதியவரும் உளர் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் இவற்றினும் நுண்ணிய காயமொன்று உண்டு. சொந்த நாட்டில் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் மதிக்கப்பட்டவர், புதிய மொழி நாவில் ஏறாமையால் தெருக் கூட்டினார், காவற்பணி செய்தார். 1970இல் திருத்தப்பட்ட சட்டம், பாட்டனோ பாட்டியோ ஒருவர் யூதராயிருந்தாலே போதும் என்று வரவேற்றது. ஆனால் திருமண அதிகாரம் சமயத் தலைமையிடம் இருக்கிறது. தாய் வழியில் யூதரல்லாதவரை, முறைப்படி மதம் மாறினாலன்றி, அத்தலைமை யூதராக ஏற்பதில்லை. பதிவுத் திருமணம் எல்லோருக்கும் திறந்திருக்கும் வழியும் அங்கில்லை. ஆதலால் பல இளையோர் சைப்பிரஸ் தீவுக்குச் சென்று மணமுடித்துத் திரும்புகின்றனர். விமான நிலையத்தில் 'நீ எம்மவன்' என்ற குரல், மணநாளில் 'நீ யார்?' என்று கேட்கிறது. அங்கே யூதன் என்று ஒதுக்கப்பட்டவன், இங்கே ரஷ்யன் என்று சுட்டப்படுகிறான். நாடு கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை.

இத்தகையோரைப் பழிக்க விவிலியம் நமக்கு இடந்தரவில்லை. ஆண்டவரின் அழைப்பை நம்பிக் கானானுக்கு வந்த ஆபிராம், பஞ்சம் கொடிதாயிருந்தபோது எகிப்துக்கு இறங்கிப் போனார் என்கிறது தொடக்கநூல் 12ஆம் அதிகாரம். மூலமொழியில் அங்கு நிற்பதும் அதே 'இறங்குதல்' என்னும் சொல்லே. நம்பிக்கையின் தந்தையே முதலில் இறங்கியவர்! அதே நூலின் 46ஆம் அதிகாரத்தில், முதிர்ந்த யாக்கோபு எகிப்துக்குப் புறப்படத் தயங்கி நிற்கையில், அஞ்சாதே, நானும் உன்னுடன் இறங்கி வருவேன் என்னும் பொருளில் ஆண்டவர் வாக்களிக்கிறார். இறங்குவோரை மனிதர் இகழலாம். இறைவனோ அவர்களோடு கூட இறங்குகிறார். குழந்தை இயேசுவும் யோசேப்பின் கரங்களில் அதே எகிப்துக்குத்தான் சென்றார்.

அப்படியெனில் வந்தவரைத் தங்கவைப்பது எது? ரூத்து நூலை எடுத்துப் பாருங்கள். பெத்லகேமுக்கு வந்த மோவாபியப் பெண்ணை அந்த ஊரில் வேரூன்றச் செய்தது அந்த மண் மட்டுமன்று. போவாசு என்ற மனிதர் அவளைத் தம் வேலையாட்களோடு அமர்த்தி உணவளித்தார். அவள் பொறுக்கும்படி கதிர்களை வேண்டுமென்றே விட்டுவைக்கச் சொன்னார். அவளை எவரும் இழிவாகப் பேசலாகாது என்று கட்டளையிட்டார். உணவு, உழைப்பு, மதிப்பு: இம்மூன்றும் கிடைத்த இடம் அவளுக்குத் தாயகமாயிற்று. அந்தத் தாயகத்திலிருந்தே தாவீதின் குலம் தழைத்தது. அக்குலத்தில் நம் மீட்பர் பிறந்தார்.

அன்பர்களே, இது தொலைதூர நாட்டின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நமது பங்கிலும் புதிதாய்க் குடிவந்த குடும்பமொன்று சில மாதங்கள் ஆலயத்திற்கு வந்து, பின்னர் காணாமற் போவதுண்டு. 'அவர்களுக்குப் பக்தி போதாது' என்று நாம் எளிதாகத் தீர்ப்பிடுகிறோம். திருப்பலி முடிந்த பின் அவர்களோடு நின்று பேசியவர் நம்முள் எத்தனை பேர்? அவர்களுடைய பெயரையேனும் கேட்டறிந்தோமா? பாடகர் குழுவிலும் அன்பியக் கூட்டத்திலும் அவர்களுக்கு ஓர் இடம் விட்டோமா? வருக என்று வாயிலில் எழுதிவைப்பது எளிது. கதிர்களை விட்டுவைப்பதே கடினம்.

விட்டுப் போனவரைப் பற்றி அடுத்த முறை பேச நேர்ந்தால், 'ஏன் போனார்?' என்று கேட்குமுன், 'தங்குவதற்கு நாம் என்ன செய்தோம்?' என்று நம்மையே கேட்போம். இறங்கிச் செல்வோருடன் இறங்கும் ஆண்டவர், வந்து சேர்வோரை ஏற்கும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வாராக.