மான்செஸ்டர் பூச்சியின் சாட்சியம்

"வலியது பிழைக்கும், எளியது அழியும், இது இயற்கை விதி, டார்வினே சொல்லியிருக்கிறார்" என்று உபதேசிக்கும் கனவான்கள் உண்டு. கூலி உயர்வு கேட்டாலும் இதையேதான் எடுத்து வீசுகிறார்கள். 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற சொற்றொடரை 1864-ல் உண்டாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர்; டார்வின் பின்னால்தான் அதைக் கடன் வாங்கினார். அது போகட்டும். தகுதி என்றால் என்ன? பஞ்சாலை நகரமான மான்செஸ்டரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஒருவகை அந்துப்பூச்சி உண்டு. வெள்ளை இறக்கையில் மிளகுப்பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள். இரவில் பறக்கும், பகலில் மரத்தில் ஒட்டிக்கிடக்கும். வெளிறிய பாசி படிந்த பட்டையில் அது பறவையின் கண்ணுக்குத் தெரியாது. 1848-ல் மான்செஸ்டரில் முழுக்கறுப்பான பூச்சி ஒன்று பிடிபட்டது. அன்று அது அதிசயம். 1895-லோ அங்கே நூற்றுக்கு 98 கறுப்பு!

பூச்சி மனம்வைத்து நிறம் மாறவில்லை. கரி ஒட்டிக் கறுக்கவுமில்லை. கறுப்பு பிறவியிலேயே வந்தது. பரம்பரைக் கூறில் தற்செயலாக நேர்ந்த மாறுதல் அது. அந்த மாறுதல் இன்னதென்று விஞ்ஞானிகள் 2016-ல் துல்லியமாகக் கண்டுவிட்டார்கள். ஆலைப்புகையால் பாசி செத்தது, பட்டை கறுத்தது. வெள்ளைப்பூச்சி பளிச்சென்று தெரிந்தது, பறவை கொத்தியது. தப்பிய கறுப்புக்கே சந்ததி பெருகியது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. ஐம்பது தலைமுறைகூட ஆகவில்லை. இவ்வளவுதான் இயற்கைத் தேர்வு.

கறுப்புப்பூச்சி வெள்ளையை அடித்து விரட்டவில்லை, அதைவிடப் பலசாலியுமல்ல. புகைக்கூண்டு இருந்தவரைக்கும் அது தகுதியானது, அவ்வளவே. அந்தக் கூண்டை நட்டது இயற்கையா? அதே புகையில் மான்செஸ்டர் தொழிலாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எங்கெல்ஸ் 1845-லேயே எழுதினார். பூச்சி தன் நிறத்தை உடல்வழியே சந்ததிக்குத் தருகிறது. முதலாளி தன் மில்லை மகனுக்குப் பத்திரம் எழுதித் தருகிறான். இரண்டையும் ஒரே விதி என்பது, நமது அபிப்பிராயத்தில், சுத்தப் புரட்டு.

1952 டிசம்பரில் லண்டனில் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. புகை குறைந்தது, பட்டை வெளுத்தது. இப்போது கறுப்புதான் பறவைக்கு இரை. மைக்கேல் மஜெரஸ் என்ற விஞ்ஞானி 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்தார். பறவைகள் கறுப்பையே அதிகம் தின்றன. இன்று மான்செஸ்டர் பக்கம் கறுப்புப்பூச்சியைத் தேடிப்பிடிப்பதே கஷ்டம்.